காற்று வந்த காரணம்

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் பாதையில் கார் ஓட்டுகிறவனுக்கு எஞ்சினைவிட பிரேக்தான் முக்கியம். எஞ்சின் நின்றுபோனால் ஓரமாக ஒதுங்கி உதவிக்குக் காத்திருக்கலாம். பிரேக் இல்லையென்றால் ஒதுங்கவே முடியாது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, இறம்பொடை, தவலந்தென்னை, புசல்லாவை என்று வளைவு வளைவாக இறங்கிக் கம்பளை வந்து சேரும்போது ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம் கழிந்திருக்கும். அத்தனை உயரத்திலிருந்து இறங்கும் வண்டியின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றி வெளியே தள்ளியாக வேண்டும். அந்தப் பாதையில்தான் நான் கார் ஓட்டப் பழகினேன், அப்பாவின் மொறிஸ் மைனரில்.

அப்பா தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தார். பலர் கைமாறி வந்த அந்தக் காரை அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கினார். அந்தக் காலத்தில் இலங்கையில் புதுக் கார் என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாத பொருள். அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதி இறுகிவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருக்கிற கார்களையே திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. ஒஸ்டின்களும் மொறிஸ்களும் ஹில்மன்களும் இந்த நாட்டில் இவ்வளவு காலம் பிழைத்ததற்கு அவற்றின் உறுதி ஒரு காரணம். அவற்றைச் சாகவிடாத கராஜ்காரர்களின் கை அதைவிடப் பெரிய காரணம்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரை உருவாக்கியவரும் அவர்தான். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டதால், மாதிரி வண்டியை நடுவே இரண்டாக வெட்டி நான்கு அங்குலம் அகலப்படுத்தினார்கள். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளமாக இன்றும் இருக்கிறது. சாமானிய மக்களுக்கான காரில் அந்த நாளிலேயே ரெக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கையும் முன்பக்கம் டோர்ஷன் பார் சஸ்பென்ஷனையும் பொருத்தியிருந்தார். நான்கு சில்லுகளுக்கும் லொக்ஹீட் ஹைட்ரோலிக் பிரேக். அந்தப் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை அவர் வைத்த இடம்தான் உலகெங்கும் மைனர் வைத்திருப்பவர்களின் பொறுமையைச் சோதிக்கிறது. பொனட்டைத் திறந்து தேடினால் அது கிடைக்காது. சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சசியின் பெட்டித்தண்டுக்குள் அது ஒளிந்திருக்கிறது. ஒயில் ஊற்ற வேண்டுமானால் தரைவிரிப்பைத் தூக்கி, அங்கேயுள்ள மூடியை எடுத்து, குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். பார்வைக்கு எட்டாத இடம். சப்பாத்து மண் முழுவதும் வந்து சேரும் இடமும் அதுவே.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலியால் காரை எடுப்பதை விட்டுவிட்டார். கொட்டகையில் நின்ற வண்டியை 90களின் நடுப்பகுதியில் நான் மறுபடி ஓட வைத்தேன். எஞ்சின் பெரிதாக மல்லுக்கட்டவில்லை. பற்றரி, பொயிண்ட், கழுவிய பெற்றோல் தாங்கி, அவ்வளவுதான். பிரேக் பெடலோ தரைவரை போனது. பக்கத்து டவுனில் ஒரு கராஜில் விட்டேன். பின்சில்லு சிலிண்டர் ஒன்று கசிந்திருந்தது. அதற்கு இறப்பர் மாற்றி, ஒயில் நிரப்பி, எயார் எடுத்துத் தந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காலையில் முதல் மிதிக்குப் பெடல் தாழ்ந்து போகத் தொடங்கியது. உடனே இரண்டாம் தடவை மிதித்தால் மேலே வந்து நிற்கும். பார்த்த எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: எயார் இருக்கிறது, எடுக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரேக் ஒயிலை அமுக்கினால் அது சுருங்காது. பெடலில் கால் கொடுக்கும் விசை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக ஒவ்வொரு சில்லுக்கும் குறையாமல் போய்ச் சேர்வது அதனால்தான். காற்று சுருங்கும். குழாயில் ஒரு குமிழி நின்றாலும் காலின் உழைப்பில் ஒரு பங்கு அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும், சில்லுக்கு வராது. ஆகவே ஒவ்வொரு சில்லிலும் உள்ள நிப்பிளைத் தளர்த்தி, ஒயிலோடு சேர்த்துக் காற்றையும் வெளியே விடுகிறோம்.

அந்த வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்தோம். தங்கச்சி பெடலில். நான் சில்லுக்குப் பின்னால், கையில் ஸ்பேனரும் கண்ணாடிப் போத்தலும். நிப்பிளில் மாட்டிய குழாயின் மறுமுனை போத்தலிலுள்ள ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும். "அமத்து", "பிடி", "விடு" என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்வாள். மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரத்திலுள்ள இடது பின்சில்லில் தொடங்கி, கிட்ட உள்ள வலது முன்சில்லில் முடிப்பது முறை. குமிழி வந்தது, பிறகு நின்றது, சுத்தமான ஒயில் வந்தது. பெடலும் உயர்ந்தது. விடிந்தால் பழைய கதை. கசிவு எங்கும் இல்லை, ஒயில் மட்டமும் குறையவில்லை. அப்படியானால் எடுத்த காற்று மறுபடி எப்படி உள்ளே வந்தது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

கம்பளையில் பழைய ஆங்கிலக் கார்களை மட்டும் பார்க்கிற ஒரு நானா இருந்தார். கராஜ் என்று பெயர்ப்பலகை கிடையாது. தகரக்கூரை, ஒரு குழி, சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள். காரை அவரிடம் கொண்டுபோனேன். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொனட்டையும் திறக்காமல், சில்லையும் கழற்றாமல், சாரதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்தார். மெதுவாக ஒரு தடவை. வேகமாக ஒரு தடவை. பிறகு அமத்தியபடியே வெகுநேரம் வைத்திருந்தார்.

"எல்லாரும் எயாரு எயாரு என்டு எடுத்திருக்காங்க தம்பி. எயாரு எங்கால வந்திச்சி என்டு ஒருத்தரும் கேக்கல்லியே" என்றார்.

கால் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு அவர் விளக்கியதை நான் மறந்ததில்லை. பெடல் கல்லைப்போல நின்றாலும் ஆழத்தில் போய் நின்றால், பிரேக் ஷூவுக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அது காற்றின் வேலையல்ல. அமத்த அமத்த மெத்தென்று உள்வாங்கி, பம்ப் பண்ணும்போது உயர்ந்தால் காற்று. ஒரே விசையில் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால், ஒன்றில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் இறப்பர் ஒயிலைத் தனக்குப் பின்னால் விடுகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இந்த இரண்டாவது நடக்கும். ஓட ஓடப் பெடல் உயர்ந்து இறுகி, கார் பாரமானால், போன ஒயில் திரும்பி வருவதற்கு வழி அடைபட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் எயார் எடுப்பது மருந்தாகாது.

முதலில் காரைத் தூக்கி நிறுத்தி ஷூக்களை இறுக்கினார். மைனரின் முன்சில்லில் ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி சிலிண்டரும் தனித்தனி அட்ஜஸ்டரும் உண்டு. பின்சில்லில் ஒன்றுதான். சில்லு மூடியை எடுத்துவிட்டு, சில்லைச் சுழற்றி, அதிலும் ட்ரம்மிலும் உள்ள துளை அட்ஜஸ்டருக்கு நேரே வரும்போது ஸ்குரூ ட்ரைவரை விட்டுத் திருப்ப வேண்டும். எந்தச் சில்லும் அசையாதபடி எல்லாவற்றையும் பூட்டினார். இப்போது ஷூ நகர இடமே இல்லை. பெடலில் மிச்சமிருக்கிற மெத்துத்தன்மை முழுவதும் ஒயில் பக்கத்தைச் சேர்ந்தது. மிதித்துப் பார்த்தேன். கொஞ்சம் உயர்ந்தது, ஆனால் முதல் மிதி இன்னும் மெத்தென்றே இருந்தது. பாதி உலகத்தை ஒரே அடியில் விலக்கியாயிற்று: பிரச்சினை ஷூவில் இல்லை.

அடுத்து இறப்பர் ஹோஸ்கள். முன்சில்லுக்கு ஒவ்வொன்று, பின்அச்சுக்குப் பொதுவாக ஒன்று, ஆக மூன்று. எப்படியும் மாற்றப் போகிற பழைய ஹோஸ்கள்தான் என்று சொல்லி, துணி சுற்றிய கிளாம்பால் மூன்றையும் நெரித்து மூடினார். நல்ல ஹோஸில் இதைப் பலமாகச் செய்தால் உட்சுவர் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கவும் செய்தார். மூன்றையும் மூடியபின் மாஸ்டர் சிலிண்டருக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள ஒயில் மட்டும்தான் மிச்சம். பெடல் மேலேயே இறுகி நின்றால் பழுது ஏதோ ஒரு சில்லில். பிறகு கிளாம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுக்கும்போது பெடல் விழுகிறதோ அந்தச் சில்லைப் பிடித்துவிடலாம். எங்கள் பெடலோ மூன்றும் மூடியிருக்கும்போதே தாழ்ந்தது. பழுது காலடியில் இருந்தது.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. கிளாம்புகளை எடுத்துவிட்டு நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்று சில்லுகளில் ஒயில் பாய்ந்து வந்தது. இடது முன்சில்லில் சொட்டிக்கொண்டு வந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு, "ஓடினா என்ன செய்யுது?" என்று கேட்டார். கம்பளையிலிருந்து ஏறும்போது, பிரேக்கை அவ்வளவாகத் தொடாமலே, கார் பாரமாக இழுப்பதையும், வளைவுகளில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்வதையும் சொன்னேன். ஷூக்களைச் சரியான இடைவெளிக்குத் தளர்த்திவிட்டு, புசல்லாவைப் பாதையில் கொஞ்ச தூரம் போய் வந்தோம். நான்கு சில்லுகளும் சூடு. இடது முன்சில்லில் கை வைக்க முடியவில்லை.

அதைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை. நிப்பிளைக் கால் திருப்பு திறந்ததும் ஒயில் பீச்சியடித்தது, சில்லு விடுபட்டது. மிதிக்காத பெடலோடு அங்கே அழுத்தம் பூட்டிக் கிடந்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லையென்றால் ஸ்பிரிங்கையோ துருவையோ தேட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் வாயிலிலுள்ள இணைப்பைத் தளர்த்தியபோது மற்றச் சில்லுகள் விடுபட்டன. இதே சில்லைத் திரும்பச் சூடாக்கிப் பார்த்தபோது, அங்கே தளர்த்தியும் இது விடுபடவில்லை. ஆகவே அடைப்பு இரண்டு இடத்தில்: ஒன்று மாஸ்டர் சிலிண்டரில், மற்றது இந்தச் சில்லுக்குப் போகும் ஹோஸில்.

"ஆறினா மெத்து, சூடானா இறுக்கு. வெறும் எயாரு என்டா இறுக்காது தம்பி" என்றவர், தரைவிரிப்பைத் தூக்கி, மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் கூட்டி, துணியால் துடைத்து, அதற்குப் பிறகே மூடியைத் திறந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து, பெருவிரலோடு தேய்த்து முகர்ந்தார். பிறகு ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தொட்டியிலிருந்து உறிஞ்சியெடுத்த ஒயிலில் சில சொட்டுகளை அதில் விட்டார். பிரேக் ஒயில் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. தண்ணீரோடு கலந்து கரைந்துவிடும். எங்கள் கிளாசில் ஒரு பங்கு கரைய, மீதி மேலே வட்டம் வட்டமாக மிதந்தது. அது கனிம எண்ணெய், எஞ்சினுக்கோ ஹைட்ரோலிக் ஜாக்குக்கோ ஊற்றுவது. யாரோ எப்போதோ, அந்த இருண்ட துளைக்குள், பெயர் எழுதாத தகரத்திலிருந்து அதை ஊற்றியிருக்கிறார்கள்.

பழைய லொக்ஹீட் சிலிண்டர்களில் இருக்கிற இறப்பர், இயற்கை இறப்பர். ஆரம்ப காலத்துப் பிரேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்தவை. இயற்கை இறப்பருக்கு அவை தீங்கு செய்வதில்லை. பின்னால் வந்த கிளைக்கோல் திரவமும் அப்படித்தான். கனிம எண்ணெய் பட்டால் அதே இறப்பர் ஊதி, இளகி, வடிவம் கெடும். ஒரு நாளில் தெரியாது. வாரக்கணக்கில் மெல்ல நடக்கும். கராஜிலிருந்து வந்த பிறகு கொஞ்ச காலம் பிரேக் நன்றாக இருந்து பின்னால் கெட்டது ஏன் என்பது அப்போது விளங்கியது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெடலை விட்டிருக்கும்போது பிரதான இறப்பர் அந்தத் துளையைத் தாண்டிப் பின்னால் நிற்க வேண்டும். சூட்டில் விரிந்த ஒயில் அந்தத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். ஆறும்போது சுருங்கினால், தொட்டியிலிருந்து ஒயில் அதே துளை வழியாக இறங்கி ஈடுசெய்யும். சிலிண்டருக்குள் தங்கிய சிறு குமிழிகளும் அதன் வழியாகவே மேலேறிப் போகும். எங்கள் இறப்பர் ஊதி அந்தத் துளையை மூடியிருந்தது. ஓடும்போது விரிந்த ஒயில் திரும்ப வழியில்லாமல் ஷூவைத் தள்ளிக்கொண்டே நின்றது. இரவில் ஆறிச் சுருங்கியபோது, நிரப்ப ஒயில் இறங்க வழியில்லாததால், உரமிழந்த இறப்பர் விளிம்புகள் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போகவும் வழியில்லை. இடது முன் ஹோஸும் அதே எண்ணெயில் உள்ளுக்குள் ஊதியிருந்தது. பெடலின் பலமான விசைக்கு ஒயிலைப் போகவிட்டு, ஷூ ஸ்பிரிங்கின் மெல்லிய விசைக்குத் திரும்ப விடாமல் தடுத்தது. காலைநேரத்துத் தாழ்ந்த பெடல், ஏற்றத்தில் பாரம், இடப்பக்கச் சாய்வு, சொட்டுகிற நிப்பிள்: தனித்தனி நோய்கள் என்று நினைத்த எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. நாங்கள் எயார் எடுத்த ஒவ்வொரு தடவையும் விளைவைத்தான் துடைத்தோம்.

இதன் பிறகு அரைகுறை வைத்தியம் உதவாது. கனிம எண்ணெய் பட்ட இறப்பர் எதையும் கழுவிப் பாவிக்க முடியாது. மாஸ்டர் சிலிண்டரின் கிட், எல்லாச் சில்லு சிலிண்டர்களின் இறப்பர்கள், மூன்று ஹோஸ்கள் எல்லாம் புதிது வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய கார்ச் சாமான் கடைகளில் அவற்றைத் தேடிச் சேர்த்தோம். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவது தனிப் போராட்டம். அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளை வெளியே இழுக்க டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். நானா அவசரப்படவில்லை. டோர்ஷன் பாரின் பாரத்தை முறைப்படி இறக்கி, அதைச் சற்று ஒதுக்கி, போல்ட்டை உருவினார். சிலிண்டரைப் பிரித்தபோது பிரதான இறப்பர் இருக்க வேண்டிய அளவைவிடத் தடித்து, விளிம்பு மடிந்து இருந்தது. பழைய ஹோஸைக் கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினார். வெளியே ஒரு வெடிப்பும் இல்லாத ஹோஸின் உள்ளே துளை ஊசிமுனையளவு சுருங்கிக் கிடந்தது.

உலோகக் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்தினார். வெளியே வந்த ஸ்பிரிட்டைக் கிளாசில் பிடித்து, எண்ணெய் வட்டம் இல்லாமற்போகும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். மாஸ்டர் சிலிண்டரைச் சேர்க்கும்போது இரண்டு சின்னச் சாமான்களை எனக்குத் தனியாக எடுத்துக் காட்டினார். பிஸ்டனுக்கும் பிரதான இறப்பருக்கும் இடையில் வருகிற மெல்லிய வளைந்த வொஷர் ஒன்று. அதை விட்டுவிட்டால் இறப்பர் பிஸ்டன் தலையிலுள்ள துளைகளுக்குள் இழுபட்டுக் கிழியும். மற்றது சிலிண்டரின் அடியில் உட்காரும் செக் வால்வும் அதன் இறப்பர் வளையமும். பெடலை விட்ட பிறகும் குழாய்களில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைத்து, சில்லு சிலிண்டர்களின் இறப்பர் விளிம்புகளைச் சுவரோடு ஒட்டியிருக்கச் செய்வது அதன் வேலை. கடைசியாக, பெடலின் தள்ளுகோல் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிது சும்மா அசைய வேண்டும். அந்த அசைவு இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வராது, புது இறப்பரும் பழையபடி ஊசித்துளையை மூடிக்கொள்ளும்.

சிலிண்டரை மேசையில் வைத்தே ஒயில் நிரப்பி, குமிழி நிற்கும்வரை பிஸ்டனைத் தள்ளி எடுத்துவிட்டுத்தான் காரில் ஏற்றினார். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஏறத்தாழச் சில்லு சிலிண்டர்களின் மட்டத்திலேயே படுத்திருக்கிறது. உயரத்தில் இருந்தால் காற்று தானாக மேலே வரும். இங்கே அந்த வசதி இல்லை. உலர்ந்தபடி மாட்டினால் உள்ளே தங்கிய காற்றைச் சில்லு வழியாகத் துரத்துவது நெடிய வேலை.

பிறகு எயார் எடுத்தோம். அதே பழைய முறைதான், ஆனால் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் தெரிந்து. ஷூக்களை இறுக்கி வைத்தோம், சில்லு சிலிண்டருக்குள் காற்று தங்கும் இடம் குறையட்டும் என்று. பெடல் கீழே போய்ச் சேர்ந்ததும், அதை விடுவதற்கு முன்பே நிப்பிளை மூடினோம், திரும்பும் பெடல் மரை வழியாகக் காற்றை இழுக்காதிருக்க. தொட்டி பாதிக்குக் கீழே போக விடவில்லை. போத்தலில் விழுந்த ஒயிலைத் திரும்ப ஊற்றவில்லை, அதில் நுண்குமிழிகள் கலந்திருக்கும், ஈரமும் ஏறியிருக்கும். பெயின்ட்டில் சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவினோம், கிளைக்கோல் பெயின்ட்டை உரித்துவிடும். கடைசி நிப்பிளை மூடி, ஷூக்களை அளவுக்குத் தளர்த்தியபின் நான் பெடலில் கால் வைத்தேன். மேலே நின்றது. காலை எடுக்காமல் பிடித்திருந்தேன். அசையவில்லை. மறுநாள் விடியற்காலை முதல் மிதிக்கும் அதே உயரம். ஏறிப் போனபோது சில்லுகள் லேசாகச் சுற்றின.

நுவரெலியாவிலிருந்து இறங்கி அதைச் சோதிப்பதற்கு முன் நானா ஒரு பாடம் சொன்னார்: மலையில் பிரேக்கை நம்பி இறங்காதே, கியரை நம்பி இறங்கு. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும். அந்த விதி ஒயிலுக்கும் நல்லது. கிளைக்கோல் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். டொட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும், ஈரமேறியதற்கு அந்த எல்லை 140 பாகைதான். டொட் 4க்கு அது 230இலிருந்து 155ஆக இறங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் பழைய ஒயில் சில்லு சிலிண்டருக்குள்ளேயே கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப்போலவே சுருங்கும். பெடல் தரைக்குப் போகும். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும், என்ன நடந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது. பனியும் மழையும் நீங்காத நுவரெலியாப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றுவது செலவல்ல. டொட் 5 என்று விற்கும் சிலிக்கோன் திரவத்தை இதோடு கலக்கவும் கூடாது. இரண்டும் ஒன்றாய்ச் சேராத வகைகள்.

எங்கள் மைனரின் பிரேக் ஒரே சுற்று. இன்றைய கார்களில் ஒரு பாதி உடைந்தாலும் மறுபாதி பிடிக்கும். இதில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லும் போய்விடும், கையில் மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். எனவே இந்தக் காரில் "ஓரளவு பிடிக்கிறது" என்ற நிலையை ஏற்றுக்கொள்ள முடியாது. பம்ப் பண்ணினால் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு பழைய கார்களை மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரிசையாக நடந்து வருவது அந்தப் பாதை ஓரத்தில்தான். கொழுந்துச் சாக்கு சுமந்து பெண்கள் கடப்பதும் அந்த வளைவுகளில்தான். இரண்டாவது மிதிக்கு எடுக்கும் நேரம் அவர்களுடையது, எங்களுடையது அல்ல.

பழைய காரை ஆசையோடு வாங்குகிற இளைஞர்கள் பிரேக் பற்றி என்னிடம் கேட்கும்போது நான் முதலில் நிப்பிளைத் திறக்கச் சொல்வதில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் தொட்டியின் ஒயிலைச் சொட்டிப் பாருங்கள் என்கிறேன். பிறகு பெடலில் காலை வைத்து அது எந்த வகையில் இறங்குகிறது என்று கவனியுங்கள், ஷூக்களைப் பூட்டிப் பாருங்கள், மாற்றப்போகிற ஹோஸ்களை நெரித்துப் பாருங்கள், சூடான சில்லில் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சோதனையும் சந்தேகத்தைப் பாதியாக வெட்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரே இடமாக இருக்கும். அங்கே போய்ப் பழுதைத் திருத்திவிட்டு எயார் எடுங்கள். அப்போது எடுத்த காற்று திரும்பி வராது.